மயோனைஸ் என்று சொன்ன குற்றம்

லிஃப்ட் ஆய்வாளர் மனிதர்கள் யாரையும் திட்டியவர் அல்ல. லிஃப்டுகளைத் திட்டுவார். அதையும் இயந்திர அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே கேட்காதபடி அடிக்குரலில் திட்டுவார். ஊரில் உள்ள கட்டடங்களின் லிஃப்டுகளில் ஏறி இறங்கி, கயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிரேக்கை முகர்ந்து பார்த்து, ‘இது ஓடலாம், இது ஓடக் கூடாது’ என்று எழுதிக் கொடுப்பது அவருடைய உத்தியோகம். அத்தோடு அவர் அதிகாரம் தீர்ந்தது. ஓடக் கூடாத லிஃப்டை நிறுத்த வேண்டுமென்றால் துறை இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும்.

இயக்குநர் நல்ல மனிதர். சங்கடமே அதுதான். அவர் அறைக்குள் போன யாரும் முகம் வாடித் திரும்பியதில்லை. கட்டட முதலாளி போனால், “உங்க கஷ்டம் எனக்குப் புரியுது, பாக்கலாம்” என்பார். பின்னாலேயே ஆய்வாளர் போனால், “உங்க அக்கறை எனக்குப் புரியுது, பாக்கலாம்” என்பார். இருவரும் தாமே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வாசலில் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொள்வார்கள். லிஃப்ட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

பொது மருத்துவமனையின் பின்பக்கம் ஊழியர்களுக்கென்று ஒரு பழைய லிஃப்ட் இருந்தது. அது எந்த மாடியிலும் தரையோடு சமமாக நின்றதில்லை. ஒரு சாண் கீழே நிற்கும், இல்லையென்றால் ஒரு சாண் மேலே. பிரேக் தேய்ந்து, நிற்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம். ‘உடனே நிறுத்தவும்’ என்று ஆய்வாளர் எழுதிக் கொடுத்திருந்தார். அவருடைய மனைவி அந்த மருத்துவமனையில் நான்காம் மாடி வார்டில் நர்ஸ். தினமும் அந்த லிஃப்டில்தான் போய்வந்தாள்.

சம்பவம் நடந்த அன்று காலையில் ஆய்வாளர் மறுபடியும் இயக்குநரின் அறைக்குப் போனார்.

“மூடத்தான் வேணும்,” என்றார் இயக்குநர், கண்கலங்காத குறையாக. “கண்டிப்பா மூடணும். ஆனா நாம மூடிட்டோம்னு ஆயிடக் கூடாது பாருங்க.”

“அப்ப கையெழுத்து, சார்?”

“பாக்கலாம்.”

அன்று மதியம் பாதுகாப்பு வாரத்தின் தொடக்க விருந்து. விருந்து என்றால் ஆளுக்கு ஒரு தட்டில் முக்கோணமாக வெட்டிய இரண்டு ரொட்டி சாண்ட்விச். நடுவில் முட்டையும் மயோனைஸும். இயக்குநர் எழுந்து பேசினார். “பாதுகாப்பை நாம் ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டோம். அதே சமயம், பாதுகாப்பு என்ற பேரில் யார் மனசையும் புண்படுத்தவும் மாட்டோம். ஓடுகிற லிஃப்ட் ஓடட்டும். நிற்கிற லிஃப்ட் நிற்கட்டும். இரண்டுக்கும் நம் துறை பக்கபலமாக நிற்கும்.” கைதட்டல் எழுந்தது. ஓடுவதை ஆதரித்தவர்களும் தட்டினார்கள், நிற்பதை ஆதரித்தவர்களும் தட்டினார்கள்.

ஆய்வாளரின் பக்கத்தில் அவருடைய நண்பர் கணக்கர் உட்கார்ந்திருந்தார். “என்னய்யா, எப்படி?” என்று கேட்டார். சாண்ட்விச்சைக் கேட்டாரா, பேச்சைக் கேட்டாரா என்பது அவருக்கே அப்புறம் மறந்துபோய்விட்டது.

ஆய்வாளர் ரொட்டியைப் பிரித்து உள்ளே பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். “மயோனைஸ்,” என்றார்.

அந்த நேரம் பார்த்து அவர்களுக்குப் பின்னால் இயக்குநரின் உதவியாளர் நின்றுகொண்டிருந்தார். இயக்குநர் போகும் இடமெல்லாம் அரையடி பின்னால் போகிறவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு நிழல் என்று பெயர். நிழல் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

மறுநாள் ஆய்வாளரின் மேசையில் குற்றச்சாட்டுக் கடிதம் இருந்தது. கூடவே நிழலின் வாக்குமூலம். ‘மேற்படியார் இயக்குநர் அவர்களை நோக்கி ஒரு சொல்லைச் சொன்னார். அதன் முதல் எழுத்தும் இரண்டாம் எழுத்தில் பாதியும் என் காதில் விழுந்ததுமே மீதி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டபடியால், பதவியின் கண்ணியம் கருதிக் காதைப் பொத்திக்கொண்டேன்.’

ஆய்வாளருக்கு வியர்த்துவிட்டது. விசாரணைக் குழுவின் தலைவியாக நியமிக்கப்பட்டிருந்த துணை இயக்குநர் அம்மாளைத் தேடி ஓடினார். பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள், பேச்சிலே தன்மையானவர்.

“மேடம், நான் அந்த வார்த்தையச் சொல்லல. மயோனைஸ்னுதான் சொன்னேன். சாண்ட்விச்சுல வைப்பாங்களே, அது.”

“அப்படியா?” அம்மாள் நிம்மதியோடு சிரித்தார். “அது கெட்ட வார்த்தையே இல்லையே.”

“அப்ப விட்டுடலாமா, மேடம்?”

“எப்படி விடறது? குற்றச்சாட்டுக்கு எண் குடுத்தாச்சே. எண் இருந்தா உள்ள ஏதாவது இருந்தாகணும். அது இல்லேன்னா இது.”

“நான் வேணும்னா இப்பவே மன்னிப்புக் கேட்டுடறேன்.”

“எதுக்கு?”

“நீங்க எதுக்குச் சொல்றீங்களோ அதுக்கு.”

அம்மாள் வருத்தத்தோடு தலையாட்டினார். “குற்றம் என்னன்னு முடிவாகாம மன்னிப்பு வாங்க விதியில இடமில்ல. அவசரப்படாதீங்க. இந்தக் குழு முழுக்க முழுக்க நடுநிலையானது. தண்டனை என்னங்கறத மட்டும்தான் முன்னாடியே முடிவு பண்ணியிருக்கோம். மலைக் கோட்டத்துக்கு மாத்தல். குற்றம் என்னங்கறதுல திறந்த மனசோடதான் இருக்கோம்.”

மலைக் கோட்டம் என்பது ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் போக வேண்டிய இடம். அங்கே இரண்டு மாடிக்கு மேல் கட்டடம் கிடையாது. லிஃப்டும் கிடையாது. அங்கே போனவர்கள் அஞ்சல் அட்டைகூடப் போட்டதில்லை.

விசாரணை முடியும்வரை ஆய்வாளர் தம் நாற்காலியில் உட்காரலாம், வேலை மட்டும் செய்யக் கூடாது என்று உத்தரவாயிற்று. அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்த அறிக்கைகளும் நிறுத்தி வைக்கப்பட்டன. ஒரு சொல்லையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர் எழுதிய இத்தனை சொற்களை எப்படி நம்புவது என்று மேலே கேட்டார்களாம். மருத்துவமனை லிஃப்டின் அறிக்கையும் அதில் போயிற்று.

வீட்டில் மனைவி சீருடையைக்கூட மாற்றாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“சொல்றதுக்கு உங்களுக்கு வேற பண்டமே கிடைக்கலையா?”

“எனக்குப் பிடிச்சது அது. வாய்ல வந்துடுச்சு.”

“பிடிச்சதாம்! வெண்ணெயும் இல்ல, தயிரும் இல்ல. முகத்துல பூசறதா, வாயில போடறதான்னே தெரியல. அதுவே முட்டையில செஞ்சது. நீங்க அவிச்ச முட்டைக்கு அதைத் தொட்டுக்கறீங்க. முட்டைக்கு முட்டையையே தொட்டுக்கற ஒரே மனுஷன் நீங்கதான்.” செருப்பைக் கழற்றி எறிந்தாள். “பேர்லயே நைஸ் இருக்கு பாருங்க. நைஸ் பண்றவங்களை எப்பவும் நம்பக் கூடாது. சரி, அதை விடுங்க. எங்க லிஃப்ட் என்னாச்சு? இன்னைக்கு மருந்து வண்டியோட ஒரு குலுக்கு குலுக்குச்சு பாருங்க, ஊசியெல்லாம் சிதறிப்போச்சு.”

“அறிக்கைய நிறுத்தி வெச்சுட்டாங்க.”

“நிறுத்த வேண்டியத விட்டுட்டு, நிறுத்தச் சொன்னத நிறுத்திட்டாங்களா?”

“படியில போயேன்,” என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார் ஆய்வாளர்.

“நாலு மாடியா? மருந்து வண்டியத் தலையில வெச்சுக்கிட்டா?”

முதல் விசாரணை கூட்ட அரங்கில் நடந்தது. நீள மேசையின் நடுவில், குற்றப்பொருள் என்று சீட்டு ஒட்டிய ஒரு மயோனைஸ் பாட்டில் இருந்தது. குற்றத்தை எடுத்துரைக்க நியமிக்கப்பட்டவர் ஓர் இளம் அதிகாரி. எழுதினாலும் பேசினாலும் எல்லாவற்றையும் அழுத்திச் சொல்வதால் அவருக்கு அடிக்கோடு என்று பெயர். ஆய்வாளருக்குத் துணையாகப் பேச கணக்கர் வந்திருந்தார்.

முதலில் மொழிபெயர்ப்புப் பிரிவுப் புலவரைக் கூப்பிட்டார்கள். அவர் வரும்போதே மலர்ந்த முகத்தோடு வந்தார். இருபது வருடமாக யாரும் அவரை எதற்கும் கூப்பிட்டதில்லை.

“இது பிறமொழிச் சொல்லே அன்று,” என்றார். “மயல் என்றால் மயக்கம். மயலும் நெய்யும் புணர்ந்தால் மயனெய். மயங்க வைக்கும் நெய். அதைக் கப்பல்காரர்கள் வாங்கிக்கொண்டு போய், வாலில் ஓர் ‘ஸ்’ ஒட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.”

“அப்ப நைஸ்?” என்று கேட்டார் தலைவி அம்மாள்.

“அதுவும் நம்முடையதே. நைந்தது நைஸ். ஆனால் பொருள்தான் பல. மாவை நைஸாக அரைக்கிறோம். அது நுண்மை. ஒருவரை நைஸ் பண்ணுகிறோம். அது குழைவு. கூட்டத்திலிருந்து நைஸாக நழுவுகிறோம். அது...”

“இதில் எந்த நைஸ் நம்ம இயக்குநருக்கு?” அடிக்கோடு எழுந்து நின்றார். “அதைத்தான் குழு தெரிஞ்சுக்கணும்.”

புலவர் ஒரு கணம் யோசித்தார். “மூன்றுமே,” என்றார். பிறகு, தாம் என்ன சொன்னோம் என்று உறைத்து, நைஸாக நழுவினார்.

அடுத்து சிற்றுண்டிச்சாலை மாஸ்டர். குழுவின் முன்னிலையிலேயே ஒரு கிண்ணத்தில் மயோனைஸ் அடித்துக் காட்டச் சொன்னார்கள். அவர் மஞ்சள் கருவைப் போட்டு, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மணிக்கட்டு நோகக் கலக்கிக்கொண்டே பேசினார்.

“எலுமிச்சைத் தண்ணியும் எண்ணெயும் எப்பவுமே ஒட்டாதுங்க. மஞ்சக்கரு நடுவுல புகுந்து ரெண்டையும் சமாதானம் பண்ணி வெக்கும். அதுக்குன்னு பெரிசா ருசி கிடையாது. எதோட வெச்சாலும் அதோட சேந்துக்கும். உருளைக்கிழங்கா, சரி. மீனா, சரி. ரொம்ப அவசரப்படுத்தினா மட்டும் திரிஞ்சு போயிடும். சூட்டுல வெச்சாலும் அப்படித்தான்.”

அடிக்கோட்டின் கண்கள் பளபளத்தன. அவர் மூன்று இரவு தூங்காமல் தயாரித்திருந்த உரைக்கு அதுதான் தருணம்.

“மதிப்புக்குரிய தலைவி அவர்களே! பொருந்தாத ஒன்றோடு ஒப்பிட்டால் அது உளறல். பொருந்துகிற ஒன்றோடு ஒப்பிட்டால்தான் அது அவமதிப்பு. எனவே, நம் இயக்குநர் அச்சு அசலாக மயோனைஸ் என்பதை நிரூபிப்பது என் கடமை. நிரூபிக்கிறேன். மயோனைஸ் நடுவில் புகுந்து ஒட்டாத இரண்டைச் சமாதானம் பண்ணுகிறது. நம் இயக்குநர் கட்டட முதலாளிக்கும் பொதுமக்களுக்கும் நடுவில் என்ன செய்கிறார்? மயோனைஸுக்குத் தனி ருசி இல்லை. நம் இயக்குநர் சொந்தமாக ஒரு கருத்துச் சொல்லி இங்கே யாராவது கேட்டதுண்டா? ஒரே ஒருவர் கை தூக்குங்கள், பார்ப்போம்!”

யாரும் தூக்கவில்லை. நிழல் பாதி தூக்கி, யோசித்து, தலையைச் சொறிந்துகொண்டார்.

“எந்த மந்திரி வந்தாலும் அவரோடு சேர்ந்துகொண்டாரா இல்லையா? போன வருடம் ஒரு கோப்பில் அவசரப்படுத்தியபோது திரிந்துபோய் ஒரு வாரம் மருத்துவ விடுப்பில் போனாரா இல்லையா? இவ்வளவு துல்லியமாக ஒரு மனிதரை அவமதிக்க எத்தனை வன்மம் இருந்திருக்க வேண்டும்!”

ஆய்வாளர் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் ரொட்டியோடு தாம் இத்தனையையும் சொல்லிவிட்டோமா என்று அவருக்கே பயமாக இருந்தது.

கணக்கர் எழுந்தார். “பொருந்தவே பொருந்தாதுங்க, மேடம். மயோனைஸ் மூணு நாள் வெளிய இருந்தா கெட்டுடும். நம்ம இயக்குநர் இத்தனை வருஷமா அதே நாற்காலியில அப்படியே இருக்கார். ஒண்ணும் ஆகல. அப்புறம், மயோனைஸை வேணாம்னா ஓரமா எடுத்து வெச்சுட்டுச் சாப்பிடலாம். இவரை அப்படிப் பண்ண முடியுமா?”

“நீங்க எந்தப் பக்கம்?” என்று ஆய்வாளர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“உன் பக்கம்தான்யா. பேசாம இரு.”

தலைவி அம்மாள் இரு தரப்பையும் பாராட்டினார். மாஸ்டர் அடித்த மயோனைஸைக் குழு உறுப்பினர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டு, அதன் தன்மையை நேரில் உறுதி செய்துகொண்டார்கள். தன்மை சரியாகப் பிடிபடவில்லை என்று அம்மாள் இரண்டாம் முறையும் உறுதி செய்துகொண்டார். பாதிக்கப்பட்டவரையே நேரில் கேட்பது என்று முடிவாகி, விசாரணை அடுத்த வாரத்துக்குப் போயிற்று.

அடுத்த வாரம் இயக்குநர் வந்தார். அரையடி பின்னால் நிழல். அரங்கமே எழுந்து நின்றது. இயக்குநர் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார், ஆய்வாளரைப் பார்த்தும்கூட.

“உங்க வேதனை எனக்குப் புரியுது,” என்றார் ஆய்வாளரிடம். அடிக்கோட்டிடம் திரும்பி, “உங்க உழைப்பும் எனக்குப் புரியுது,” என்றார். “போன வாரம் பிரமாதமா பேசினீங்களாமே. நான் எப்படி மயோனைஸ்னு நிரூபிச்சீங்களாம். எங்க, இன்னொரு தரம் சொல்லுங்க. நானும் கேக்கறேன்.”

அடிக்கோடு தொண்டையைக் கனைத்தார். தண்ணீர் குடித்தார். “அது வந்து, சார்... மயோனைஸ் வெள்ளையா இருக்கும். தங்கள் மனசும்...”

“தனி ருசி இல்லேன்னு ஏதோ சொன்னீங்களாமே?”

“தனி ருசின்னா... தனக்குன்னு எதுவும் வெச்சுக்கறதில்லேன்னு அர்த்தம், சார். தியாகம்.”

அந்த நேரத்தில் ஆய்வாளரின் சட்டைப்பையில் கைபேசி அலறியது. தலைவி அம்மாள் முறைத்தார். ஆய்வாளர் பதற்றத்தில் அணைக்கப் போய் எதையோ அழுத்த, மனைவியின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

“என்னங்க! லிஃப்டுல மாட்டிக்கிட்டேன். மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல. மணி அடிச்சா மணியும் வேலை செய்யல. வார்டுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். டக்குனு ஒரு சாண் இறங்குது, நிக்குது. மறுபடியும் இறங்குது.”

பயம் ஆய்வாளரின் குரலில் ஏறவில்லை. லிஃப்டுகாரர் குரல்தான் வந்தது. “கதவத் தொடாத. நடுவுல நிக்காம மூலையில கீழ உக்காரு. கம்பியப் பிடிச்சுக்க. ஆஸ்பத்திரி ஆளுங்க வந்துடுவாங்க. நானும் இப்ப வரேன்.”

“வர்றது இருக்கட்டும். அந்த மயோனைஸ் கையெழுத்துப் போட்டாரா இல்லையா?”

அரங்கில் ஈ ஆடவில்லை. நிழல் பழக்கதோஷத்தில் காதைப் பொத்திக்கொண்டார்.

“இப்ப அவர் எதிர்லதான் இருக்கார்,” என்றார் ஆய்வாளர் செத்த குரலில்.

“மயோனைஸா? குடுங்க அவர்கிட்ட ஃபோனை!”

என்ன நினைத்தாரோ, இயக்குநர் கையை நீட்டிக் கைபேசியை வாங்கினார். “சொல்லுங்கம்மா, நான்தான் பேசறேன்,” என்றார். “உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. பாக்கலாம்.”

“எதைப் பாக்கறது? இங்க விளக்கும் போய் ஒரே இருட்டா இருக்கு! சார், நீங்க நல்லவர்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார். நான் இல்லேங்கல. ஆனா நானும் இந்த லிஃப்டும் ஒரே நேரத்துல நல்லா இருக்க முடியாது. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. மூடறீங்களா, மாட்டீங்களா?”

இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். யாராவது ஏதாவது சொன்னால் அதோடு சேர்ந்துகொள்ளலாம் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அடிக்கோடு மேசையைப் பார்த்தார். அம்மாள் கண்ணாடியைத் துடைத்தார். நிழல் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தபடியால் உதவ முடியவில்லை. கைபேசியில் பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. “அய்யோ” என்று மனைவியின் குரல்.

“மூடறேன்,” என்றார் இயக்குநர். சொன்னவருக்கே தூக்கிவாரிப்போட்டது. “மூடறேம்மா. இப்பவே மூடறேன்.”

அறிக்கையை ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். கையெழுத்து ஆயிற்று. கையெழுத்தின் மையை ஊதி ஊதிக் காயவைத்தார் இயக்குநர். முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் ஏதோ ராட்டினத்தில் முதல் தடவை ஏறி இறங்கியவர் போல ஒரு கிளர்ச்சி. “வேற ஏதாவது மூடணுமா?” என்று தணிந்த குரலில் ஆய்வாளரைக் கேட்டார்.

ஆய்வாளர் அதற்குள் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது, மருத்துவமனை ஆட்கள் மேலே இயந்திரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மூன்றாம் மாடிக்கு இறக்கிக் கதவைத் திறந்திருந்தார்கள். மனைவி மூலையில், வார்டுக்கு எடுத்துப் போன போர்வை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும்தான் அழுதாள். பிறகு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

விசாரணைக் குழு அன்று மாலையே தீர்ப்புச் சொன்னது. மயோனைஸ் என்று அழைக்கப்பட்டபோது இயக்குநர் தாமாகவே முன்வந்து, ‘நான்தான் பேசறேன்’ என்று பதில் சொல்லிவிட்டதால் அது அவர் ஏற்றுக்கொண்ட பெயராகிறது. ஒருவரை அவர் பெயரால் குறிப்பிடுவது குற்றமாகாது. ஆய்வாளர் விடுவிக்கப்பட்டார். ஆனால் மலைக் கோட்டத்துக்கு என்று போட்ட மாற்றல் உத்தரவுக்கும் எண் கொடுத்தாகிவிட்டதால் யாராவது ஒருவர் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. இயக்குநர் வெகுநேரம் யோசிக்காமல் அடிக்கோட்டை அனுப்பினார். அந்த வாரத்தில் அவர் போட்ட இரண்டாவது கையெழுத்து அது. இனி அலுவலக வளாகத்தில் அதிகாரிகளைக் காய்கறிகளோடு மட்டும் ஒப்பிடலாம் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. எந்தக் காய்கறி என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு குழு போட்டிருக்கிறார்கள்.

மருத்துவமனையின் பழைய லிஃப்டுக்குப் பூட்டுப் போட்டு, சிவப்பு எழுத்தில் பலகை மாட்டினார்கள். புது பிரேக்கும் கயிறும் வந்து சேர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். முன்பக்க லிஃப்ட் நோயாளிகளுக்கும் மருந்து வண்டிக்கும் மட்டும்.

ஆய்வாளர் தம் உத்தியோக வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு லிஃப்டை நிறுத்திவிட்ட நிறைவோடு, வீட்டு வாசலில் மனைவிக்காகக் காத்திருந்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். நாற்காலியில் விழுந்தாள். காலை நீட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னைக்கு மட்டும் ஏழு தடவை,” என்றாள். “நாலு மாடி. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி.”

“பூட்டு நல்லா போட்டிருக்காங்களா?” என்று கேட்டார் ஆய்வாளர் ஆசையோடு.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்களுக்கு அந்த இயக்குநர் எவ்வளவோ தேவலாம்,” என்றாள். “அவரு பாட்டுக்குப் பேசாம இருந்தாரு.”

ஆய்வாளர் தைலக் குப்பியை எடுத்துக்கொண்டு வந்து அவள் காலடியில், தரையில் உட்கார்ந்தார்.